கல்யாணத்துக்கு ஊரிலிருந்து ஆறு பேர்: அவர்கள் பெட்டி, உங்கள் வீடு

முகூர்த்த மாதம் பிறந்தால் சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது தப்பாது. மண்டபத்தில் இருக்கும் அறைகள் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்குமே சரியாகப் போய்விடும். திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் சொந்தம் காலை ரயிலில் இறங்கி நேராக உங்கள் வீட்டுக்கு வரும். சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், அன்று ராத்திரியே ஊருக்கு ரயில். வீட்டில் படுப்பது ஒரே ஒரு ராத்திரி. ஆனாலும் ஆறு பேர் வந்தால் ஒன்பது பெட்டி வரும்.

ஏன் ஒன்பது? அந்த வீட்டில் துண்டு இருக்குமோ, அயர்ன் பாக்ஸ் இருக்குமோ, போர்வை போதுமோ என்று எதுவும் தெரியாததால். கேட்பதற்குக் கூச்சம். கேட்காததை எல்லாம் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரரோ, வருகிறவர்கள் எதைக் கொண்டுவருவார்கள் என்று தெரியாமல் புதிதாக ஆறு துண்டும் நாலு போர்வையும் வாங்கிப் போடுகிறார். கடைசியில் வீட்டில் பன்னிரண்டு துண்டும் இரண்டு வாளியும் இருக்கும். பெட்டி கட்டுவதும் விருந்தாளிக்கு வீட்டைத் தயார் செய்வதும் ஒரே பட்டியலின் இரண்டு பாதிகள். இரண்டையும் தனித்தனியாக யோசிப்பதால்தான் இரண்டு பக்கமும் சுமை.

அதனால் முதல் வேலை, வீட்டுக்காரர் ஒரு வாரம் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவது. விருந்தாளி கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கேட்க மாட்டார்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்:

"அத்தான், நாங்க இருக்கிறது ரெண்டாவது மாடி, லிப்ட் உண்டு. பாத்ரூம் ரெண்டு, ஒண்ணு வெஸ்டர்ன், ஒண்ணு இந்தியன். வெந்நீர் ஒண்ணுல மட்டும்தான். துண்டு, சோப்பு, பேஸ்ட், எண்ணெய், அயர்ன் பாக்ஸ், ஹேங்கர் எல்லாம் இருக்கு, கொண்டுவர வேண்டாம். போர்வை மட்டும் நாலுதான் இருக்கு. மதினிக்கு முட்டி வலின்னீங்களே, அவங்களுக்குக் கட்டில் ஒழிச்சு வைச்சிருக்கேன். சர்க்கரை இல்லாத காபி யாருக்கு, அன்னிக்கு விரதம் யாருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

இதில் 'இல்லை' என்று சொல்லும் வரிக்குத்தான் மதிப்பு அதிகம். எல்லாம் இருக்கு, சும்மா வாங்க என்றால் யாரும் நம்புவதில்லை. போர்வை நாலுதான் என்று சொன்னால், மற்றதெல்லாம் உண்மையாகவே இருக்கிறது என்று நம்பிப் பெட்டியைக் குறைப்பார்கள்.

பெட்டி

ரயிலில் எடை ஒரு பிரச்சினையே இல்லை. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். அந்த அளவை யாரும் தொடுவதில்லை. தூக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. எழும்பூரில் இறங்கி, படியேறி, ஆட்டோவில் ஏற்றி, மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பெட்டியை அதன் சொந்தக்காரர் ஒற்றைக் கையால் பத்துப் படி தூக்கிப் பார்க்கட்டும். முடியவில்லை என்றால் பிரித்துவிடுங்கள். பொதுவாக 10, 12 கிலோவுக்கு மேல் போனாலே பெரியவர்களுக்குக் கஷ்டம்.

ஆளுக்கொரு பெட்டி என்று கட்டாதீர்கள். வேளைக்கொரு பெட்டி என்று கட்டுங்கள். ஆறு பேருக்கும் சேர்த்துக் கல்யாணத் துணிக்கு ஒரு பெரிய பெட்டி, தேவைப்பட்டால் இரண்டு. ரயில் ராத்திரிக்கும் சென்னை ராத்திரிக்கும் வேண்டிய லுங்கி, நைட்டி, பிரஷ், மாத்திரை, போர்வை இவற்றுக்கு ஆளுக்கொரு தோள்பை. தின்பண்டத்துக்கு ஒரு கட்டைப்பை. அவ்வளவுதான். பெரிய பெட்டியை ரயிலில் திறக்கவே வேண்டியிருக்காது; கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளி, அங்கிருக்கும் வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத் தூங்கலாம். ஆளுக்கொரு பெட்டி என்றால் ஒரு மாத்திரைக்காக ராத்திரி பதினோரு மணிக்குப் பட்டுப் புடவையைக் கலைக்க வேண்டிவரும்.

ஏசியில் வந்தால் விரிப்பு, போர்வை, தலையணை ரயிலிலேயே கிடைக்கும். ஸ்லீப்பரில் பொதுவாகக் கிடைக்காது, கையோடு கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவரும் போர்வையே சென்னை வீட்டு ராத்திரிக்கும் ஆகும். ஆகவே எந்த வகுப்பில் வருகிறார்கள் என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்லீப்பர் என்றால் பாயும் தலையணையும் போதும், ஏசி என்றால் போர்வையும் எடுத்து வைக்க வேண்டும்.

பட்டுப் புடவை விஷயத்துக்கு வருவோம். பெண்களுக்கு ஆளுக்கு மூன்று புடவை: வரவேற்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, திரும்பும் ரயிலுக்குப் பருத்தியோ சிந்தெடிக்கோ ஒன்று. 'எதற்கும் இருக்கட்டும்' என்று வரும் நாலாவது புடவை பிரிக்கப்படாமலே ஊர் திரும்பும். ஒரு பட்டுப் புடவை அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். மூன்று பேர் ஆளுக்கொன்று கூடுதலாக வைத்தால் இரண்டு கிலோ சும்மா ஊர் சுற்றும்.

புடவையை மடிக்கும்போது ஜரிகை உள்பக்கம் போகட்டும். வெளியே இருந்தால் பெட்டியின் ஜிப்பிலும் வளையல் முனையிலும் மாட்டி இழை இழுத்துக்கொள்ளும். மடித்த புடவைக்குள்ளேயே அதன் ரவிக்கை, உள்பாவாடை, அந்தப் புடவைக்குத் தேவையான சேப்டி பின் ஆறேழு, எல்லாவற்றையும் வைத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெயரும் வேளையும் எழுதிய துண்டுச் சீட்டைச் செருகுங்கள். விடியற்காலை மூன்றரை மணிக்குப் பாதிப் பேர் தூங்கும் கூடத்தில், மின்விளக்கைப் போடாமல், ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். புடவை ஒரு பெட்டியிலும் உள்பாவாடை இன்னொரு பெட்டியிலும் இருந்தால் அந்த நேரத்தில் வீடே எழுந்துகொள்ளும். பெட்டி கட்டும் முன் ரவிக்கைக் கொக்கிகளை ஒரு முறை போட்டுப் பாருங்கள். போன கல்யாணத்துக்குத் தைத்தது இப்போது ஏறாமல் போவது சகஜம். அதை ஊரிலேயே பிரித்துவிட்டால் அரை மணி நேர வேலை, சென்னையில் என்றால் திண்டாட்டம்.

பிளாஸ்டிக் உறையில் பட்டுப் புடவையை வைக்க வேண்டாம். ரயில் சூட்டில் உள்ளே வேர்த்து மடிப்பு அப்படியே பதிந்துவிடும். அந்துருண்டையும் சென்ட்டும் ஜரிகையில் படக் கூடாது, கறுத்துவிடும். வெள்ளைச் சட்டைக்கு நடுவே விறைப்பாக நிற்கட்டும் என்று செய்தித்தாள் வைப்பவர்கள் உண்டு. மை ஒட்டும். வெள்ளைத்தாள் வையுங்கள்.

பெட்டிக்குள் அடுக்கும் வரிசை எளிது: சக்கரம் இருக்கும் பக்கம் கனமானவை, அதாவது துணிப்பையில் போட்ட செருப்பும் பரிசுப் பொருளும், நடுவில் வேட்டி சட்டை, மேலே, கடைசியாக, புடவை மூட்டைகள். எண்ணெய்ப் புட்டியைக் கல்யாணப் பெட்டியில் வைப்பது மன்னிக்க முடியாத குற்றம். அதுதான் சென்னையில் இருக்கிறதே.

நகை பெட்டியில் வேண்டாம், தோள்பையில். சென்னை வீட்டுக்காரர் அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துப் பூட்டி, சாவியை விருந்தாளி கையிலேயே கொடுத்துவிட வேண்டும். "என்கிட்ட குடுங்க, பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கி வைப்பது பாசம்தான். ஆனால் ஒரு தோடு திருகு குறைந்தாலும் இரண்டு பக்கமும் சங்கடம். சாவி அவர்கள் கையில் இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

மருந்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு நாள் பயணத்துக்கு நாலு நாள் மாத்திரை, அட்டையோடு. டப்பாவில் பிரித்துப் போட்ட மாத்திரை தீர்ந்துபோனால் பெயர் தெரியாமல் கடையில் நிற்க வேண்டும். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள்: திறக்காத மருந்து 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உபயோகத்தில் இருப்பது பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் 4 வாரம் வரை தாங்கும், உறைக்குள் இருக்கும் தாளில் அந்த வகைக்கான கணக்கு போட்டிருப்பார்கள். ஒரு ராத்திரி ரயிலுக்காக ஐஸ் கட்டியோடு ஒட்டி வைப்பதுதான் பெரிய தப்பு. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, எறிய வேண்டியதுதான். ஈரத்துணி சுற்றிய சிறு டப்பா போதும். வீட்டுக்காரர் பிரிட்ஜின் கதவுத் தட்டில் இடம் விடட்டும். உள்ளே, பின்சுவரை ஒட்டி வைத்தால் அங்கேயும் உறைய வாய்ப்புண்டு.

தின்பண்டக் கட்டைப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. திருநெல்வேலி அல்வா சூட்டில் நெய் கக்கும். கடை டப்பாவை அப்படியே நம்பாமல் இன்னொரு உறையில் போட்டு, படுக்கையாக, பைக்கு அடியில் வையுங்கள். தூத்துக்குடி மக்ரூன் நேர்மாறு: எடை தாங்காது, ஈரக்காற்றுப் பட்டாலும் நமுத்துவிடும், மேலேயே இருக்க வேண்டும். அதில் முட்டை வெள்ளைக்கரு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். முட்டை சேர்க்காத வீட்டுக்கு வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கினால் இறங்கியதும் பிரிட்ஜுக்குப் போக வேண்டும். யாருக்கும் தொல்லை தராதது கோவில்பட்டி கடலைமிட்டாய்தான்.

வீடு: முதலில் தண்ணீர்

விருந்தாளி வருகிறார்கள் என்றால் வீட்டுக்காரர்கள் திரைச்சீலை மாற்றுவதில் இறங்கிவிடுகிறார்கள். திரைச்சீலையை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் நின்றுபோனால் எல்லாரும் பார்ப்பார்கள்.

நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். உங்கள் வீட்டில் மூன்று பேர், வந்தவர்கள் ஆறு பேர், ஒன்பது பேருக்கு ஒரு நாளைக்கு 1,200 லிட்டர். மொட்டைமாடியில் இருப்பது 1,000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு முறை மோட்டார் போட்டால் ஒரு நாள் ஓடாது. முதல் நாள் ராத்திரி படுக்கும் முன் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். ஏனென்றால் விடியற்காலை மூன்று மணிக்கு மோட்டார் போட்டால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அடுக்குமாடி என்றால் காவலாளியிடமும் சங்கத்திலும் முன்பே சொல்லிவையுங்கள். குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் இரண்டு கூடுதலாக.

அடுத்தது வெந்நீர். கல்யாண வீட்டு விருந்தாளி விஷயத்தில் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது. முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் நாலே முக்காலுக்கு வண்டி கிளம்ப வேண்டும். தை மாதக் கல்யாணம் என்றால் குளிர் வேறு. ஒன்பது பேரும் மூன்று மணியிலிருந்து நாலரைக்குள் குளிக்க வேண்டும்.

15 லிட்டர், 2,000 வாட் கீசர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே தண்ணீர் 60 டிகிரி, குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, குளிக்க 40 டிகிரி. கலந்தால் மொத்தம் 40 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் தேறும். அதாவது 20 லிட்டர் வாளி இரண்டு. இரண்டு பேர் குளித்ததும் தொட்டி காலி. மறுபடி 60 டிகிரிக்கு ஏற 17 நிமிடம் ஆகும். தை மாதத்தில் குழாய்த் தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும், அப்போது 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பத்து நிமிடத்தில் குளித்து வெளியே வந்தால், இரண்டு பேர் குளிக்கும் நேரமும் கீசர் சூடாகும் நேரமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஒன்பது பேருக்கு ஒன்றரை மணி நேரம். சரியாக இருக்கிறது.

எங்கே கெடும்? ஷவரில். ஒரு சாதாரண ஷவர் நிமிடத்துக்கு எட்டு, ஒன்பது லிட்டர் கொட்டும். கல்லூரிக்குப் போகிற பையன் ஐந்து நிமிடம் நின்றால் இரண்டு பேர் வெந்நீர் தீர்ந்தது. அடுத்து உள்ளே போகும் பெரியம்மாவுக்குப் பச்சைத் தண்ணீர். அதனால் அன்று காலை மட்டும் வாளி, மக்கு. ஷவர் கிடையாது என்று முதல் நாளே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். வரிசையும் முதல் நாளே முடிவாகட்டும்: புடவை கட்ட நேரம் எடுப்பவர்கள் முதலில், பெரியவர்கள் நடுவில், ஆண்பிள்ளைகள் கடைசியில் இரண்டாவது பாத்ரூமில் பச்சைத் தண்ணீரில். 3 லிட்டர், 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் வாளி நிரம்ப ஐந்தாறு நிமிடம் பிடிக்கும், குழாயை முழுக்கத் திறந்தால் சூடு ஏறாது.

மின்சாரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 3,000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அதே நேரத்தில் சமையலறையில் இண்டக்ஷன் அடுப்பு 8 ஆம்பியர், கூடத்தில் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்கு மேல். மூன்றும் ஒரே லைனில் இருந்தால் டிரிப் ஆகி வீடு இருட்டாகும், அதுவும் பாதிப் புடவை கட்டியிருக்கும்போது. இஸ்திரி வேலையை முதல் நாள் மத்தியானமே முடியுங்கள். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போன் சார்ஜர் மட்டும். அதில் அயர்ன் பாக்ஸையும் ஹேர் டிரையரையும் சேர்த்துச் செருகினால் பிளக் உருகும்.

அந்த மத்தியான இஸ்திரி பற்றி: விருந்தாளி வந்து காபி குடித்ததுமே புடவை மூட்டைகளைப் பிரித்து ஹேங்கரில் தொங்கவிட்டால் பாதிச் சுருக்கம் தானே போகும். மீதிக்கு, புடவையின் பின்பக்கம் திருப்பி, மெல்லிய பருத்தித் துணி போட்டு, பட்டுக்கான சூட்டில் தேய்க்க வேண்டும். தண்ணீர் தெளிக்கக் கூடாது, பட்டில் சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் தெரியும். ஜரிகை மேல் இரும்பு நேராகப் படவே கூடாது.

பூவும் அன்று மத்தியானமே வாங்கி வைப்பது நல்லது. நெருக்கமாகத் தொடுத்த மல்லிகையை வாழையிலையில் சுற்றி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் காலை வரை மொட்டாகவே இருக்கும். வாடக் கூடாதே என்று தண்ணீர் தெளித்தால் அந்த இடம் பழுப்பேறிவிடும்.

படுக்கை

ஒற்றைக் கோரைப்பாய் 3 அடிக்கு 6 அடி. 14 அடி நீளக் கூடத்தில் நாலு பாய் வரிசையாக விரித்தால் 12 அடி போய், நடக்க 2 அடி மிஞ்சும். அந்த இரண்டு அடி பாத்ரூம் போகும் பக்கம் இருக்கட்டும். வடக்கே தலை வைத்துப் படுக்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அதையும் பார்த்து விரியுங்கள், இல்லாவிட்டால் விளக்கணைத்த பிறகு எல்லாப் பாயையும் திருப்ப வேண்டிவரும். பாய்க்கு மேல் ஜமக்காளம், அதற்கு மேல் விரிப்பு. வெறும் டைல்ஸ் தரையில் பாய் மட்டும் போட்டால் தை மாதத்தில் முதுகில் குளிர் ஏறும்.

பரணில் இருந்து இறக்கிய விரிப்பிலும் தலையணையிலும் அந்துருண்டை வாசம் இருக்கும். வந்த ராத்திரி எல்லாரும் தும்முவதற்கு அதுவே காரணம். இரண்டு நாள் முன்பே துவைத்து வெயிலில் போடுங்கள். தலையணையை உறை நீக்கி இரண்டு பக்கமும் காயவிடுங்கள். பாயை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும், கடும் வெயிலில் கோரை முறியும்.

முட்டி வலி உள்ளவர்களுக்குக் கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குப் பக்கத்தில். வழியில் ஒரு ராத்திரி விளக்கு. பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், வழுக்காத மிதியடி. எந்த ஸ்விட்ச் எதற்கு என்று ஒரு முறை காட்டிவிடுங்கள். ஈரத்துண்டு போட ஒரு கொடியும் பத்து கிளிப்பும் வேண்டும். இது இல்லாத வீட்டில் ஆறு ஈரத்துண்டும் சோபாவுக்கு வந்துவிடும்.

அடுப்படி

சமையலில் அளவு மீறிப் போகாதீர்கள். ஒரு ராத்திரி தங்கலில் வரவேற்புச் சாப்பாடு, முகூர்த்த டிபன், மத்தியானச் சாப்பாடு எல்லாம் மண்டபத்தில். உங்கள் வீட்டில் மூன்றே வேளை: வந்து இறங்கும் காலை டிபன், அன்று மத்தியானம், திரும்பும் ராத்திரிக்குக் கட்டுச்சோறு. அந்த மத்தியானத்துக்கு விருந்து வைக்க வேண்டாம். சாயங்காலம் மண்டபத்தில் பத்து வகை காத்திருக்கிறது. மிளகு ரசம், ஒரு கீரை, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், மோர். ரயிலில் வந்த வயிற்றுக்கு அதுவே அமிர்தம்.

காலைக்கு இட்லி. இட்லி அரிசி 4 டம்ளருக்கு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி; 200 மில்லி டம்ளர் என்றால் ஏறக்குறைய 50 இட்லி வரும். ஒன்பது பேருக்குச் சரியாக இருக்கும். முதல் நாள் சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குள் அரைத்துவிடுங்கள். தை மாதக் குளிரில் மாவு பொங்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம், நாலு ஈடு என்றால் ஒரு மணி நேரம். ரயில் தாம்பரம் தாண்டியதும் ஒரு போன் போடச் சொல்லுங்கள். அப்போது அடுப்பைப் பற்றவைத்தால், அவர்கள் எழும்பூரில் இறங்கி வீடு வந்து முகம் கழுவும்போது இட்லி சூடாக இருக்கும்.

காபிதான் கணக்குத் தப்பும் இடம். ஒரு டம்ளருக்கு 35 மில்லி டிகாக்ஷன், 110 மில்லி பால். ஒன்பது பேர், இரண்டு வேளை என்றால் 18 காபி: டிகாக்ஷன் 630 மில்லி, பால் 2 லிட்டர், தூள் 180 கிராம். வீட்டில் இருக்கும் சின்ன பில்டர் இதற்குப் போதாது. பெரிய பில்டர் ஒன்று இரவல் வாங்குங்கள், அல்லது முதல் நாள் ராத்திரி இரண்டு முறை இறக்கி மூடி வையுங்கள். தூளை அழுத்தி அடைத்தால் சொட்டாது, அழுத்தாமல் விட்டால் தண்ணீராக ஓடிவிடும். தட்டி லேசாகச் சமன் செய்தால் போதும். டிகாக்ஷனை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், கசந்துவிடும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். பால்காரரிடம் கூடுதல் நாலு பாக்கெட்டுக்கு முதல் நாளே சொல்லியாக வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கடையில் கேட்டால் சந்தேகம்தான். முகூர்த்தக் காலையில் மூன்றரைக்குக் காபி மட்டும், வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

திரும்பும் ராத்திரி

கட்டுச்சோற்றில் புளியோதரை முதல் இடத்தில் இருப்பது ருசிக்காக மட்டும் இல்லை. வெறும் சோறு சென்னைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர் பெருகும். அதன் வித்துகள் வெந்தாலும் சாகாது, அது விடும் நச்சு திரும்பச் சுட வைத்தாலும் போகாது. புளியின் புளிப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் வடித்த சோற்றை ஆறியதும் தாமதிக்காமல் புளிக்காய்ச்சலில் பிசைந்துவிட வேண்டும்.

ஆறு பேருக்கு 400 கிராம் அரிசியில் புளியோதரை, 300 கிராமில் தயிர்சாதம். புளி 50-லிருந்து 60 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி. வறுத்துப் பொடிக்க மல்லி 2 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 1, எள் 1, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, மிளகாய் வற்றல் ஆறு. புளிக்கரைசல் கொதித்துச் சுண்டி எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்வரை விட வேண்டும். அதற்கு முன் இறக்கினால் பச்சைப்புளி வாடையும் அடிக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். சோற்றை அகலத் தாம்பாளத்தில் கொட்டி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவையுங்கள். சூட்டோடு கட்டினால் ஆவி நீராகி மேலே சொட்டி, ஒன்பது மணிக்குப் பிரிக்கும்போது களியாக இருக்கும். நிலக்கடலையைத் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள், கலந்தால் நமுத்துப்போகும்.

தயிர்சாதத்துக்குச் சோற்றைக் குழைய வடித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது பால் 600 மில்லியும் தயிர் இரண்டு கரண்டியும். சாயங்காலம் நாலு மணிக்குப் பிசைந்தால் ஒன்பது மணிக்கு அளவாகப் புளித்திருக்கும். முழுக்கத் தயிரே ஊற்றினால் ரயிலில் வாயில் வைக்க முடியாது. வெள்ளரிக்காய் சேர்த்தால் நீர் விடும். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போதும்.

வாழையிலையை அனலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. இலைக்கு வெளியே சுற்றப் பழுப்புத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். செய்தித்தாள் மை உணவில் படக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டுங்கள், எவர்சில்வர் தூக்கில் கொடுத்தனுப்பினால் அதைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பும் கூடவே போகும்.

பெட்டி இப்போது மூடாது. தாம்பூலப் பைகள்தான் காரணம். ஆறு தேங்காய் என்றால் மூன்று கிலோ. வரும்போதே கட்டைப்பையைத் தின்பண்டத்தோடு கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான்: அது காலியாகியிருக்கும். தூக்க முடியாதவர்கள் தேங்காயை இந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வெற்றிலை பாக்கை எடுத்துப்போகலாம். அதில் குறை ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம், ஒத்துக்கொள்ளாத அத்தைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. விமானத்தில் திரும்புகிறவர்கள் கொப்பரை எடுத்துப்போகவே கூடாது. எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

கிளம்பும் முன் ஐந்து இடம் பார்க்க வேண்டும்: பாத்ரூம் கதவுக்குப் பின் கொக்கி, தலையணைக்கு அடி, சார்ஜர் செருகிய பிளக், பூட்டிய அலமாரித் தட்டு, பிரிட்ஜ் கதவு. கடைசி இரண்டையும் விருந்தாளியே திறந்து பார்க்கட்டும்.

ஊர் போனதும் பட்டுப் புடவையைப் பீரோவுக்குள் வைக்காமல், நிழலில் ஒரு பகல் காற்றாட விட்டு, பழைய மடிப்பில் மடிக்காமல் மாற்றி மடித்து வையுங்கள்; வேர்வையோடு மடித்தால் ஜரிகை கறுக்கும். நெய்யோ சாம்பாரோ சொட்டியிருந்தால் தண்ணீர் போட்டுத் தேய்க்காமல் டிரை கிளீனிங்குக்கு. இங்கே சென்னையில், விரிப்பும் உறையும் துவைத்து, பாயைத் துடைத்து உலர்த்திப் பரணில் ஏற்றும்போது, அந்துருண்டைக்குப் பதிலாக உலர்ந்த வேப்பிலை வைத்துக் கட்டுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு இறக்கும்போது தும்மல் வராது.